சோழி இல்லாத கப்பலாட்டம்

11 நவம்பர் 1958, செவ்வாய்

இன்றும் அதே கதைதான். ஐந்தாம் வகுப்பு முழுக்க ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்தும்போது என் மகள் காலிதாவின் வாய் மட்டும் சும்மா அசைகிறது. சத்தம் வருவதில்லை. மற்றப் பிள்ளைகள் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். டீச்சர் மகளுக்குக் கணக்கு வராது என்ற செய்தி கீழக்கரை மீன்கடை வரைக்கும் போயிருக்கும்.

மதியம் சாப்பிடும்போது என் அண்ணன் ஹமீது காக்கா சொன்னார்: "இந்த வருஷம் தேறலைன்னா நிறுத்திரு சபியா. பொம்பளப்புள்ள ஒரே வகுப்புல ரெண்டு வருஷம் கெடந்தா ஊரு சிரிக்கும். வீட்டோட இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்பதுபோலச் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது. காலிதாவின் வாப்பா கொழும்பில் மவுத்தாகி நாங்கள் இருவரும் தனியானதிலிருந்து இந்த வீட்டில் காக்கா சொல்வதுதான் நடக்கிறது. பள்ளிக்கூடக் கமிட்டியிலும் அவர்தான். எங்கே போய் முறையிடுவது?

14 நவம்பர், வெள்ளி

எங்கள் பள்ளிக்கு வெள்ளிதான் வார விடுமுறை. காக்காவின் தோணிக்குத் தைத்தது போக மிஞ்சிய பாய்த்துணி கொல்லையில் கிடந்தது. அதை விரித்துக் கடல் வரைந்தேன். ஒரு மூலையில் கீழக்கரை, எதிர் மூலையில் கொழும்பு, நடுவில் வளைந்து வளைந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். சில கட்டங்களில் காற்று. அங்கே போனால் கப்பல் தாவும். சில கட்டங்களில் பாறை. அங்கே போனால் திரும்பி வரவேண்டும்.

ஆளுக்கொரு பொத்தான்தான் கப்பல். நாலு சோழியை உருட்ட வேண்டும். எத்தனை நிமிர்ந்து விழுகிறதோ அத்தனை கட்டம் போகலாம். போன கட்டத்தின் எண்ணைச் சோழி எண்ணிக்கையால் பெருக்கிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அங்கேயே நிற்கலாம், தப்பென்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும்.

சலவைக்காரர் துணியில் குறி போடுகிற சேங்கொட்டை மையால் வரைந்ததில் விரல் எல்லாம் கொப்புளம். எரிகிறது. எரியட்டும்.

18 நவம்பர், செவ்வாய்

காலிதா ஜெயித்துவிட்டாள்!

இன்று வகுப்பில் ஆட்டத்தை விரித்தேன். கூடப் படிக்கிற மலிகா கணக்கில் புலி. ஆனால் அவள் கப்பல் இரண்டு தடவை பாறையில் போய் மோதிவிட்டது. காலிதாவுக்குக் காற்றுக் கட்டம். அவள் கணக்கைச் சொல்ல எல்லோரும் காத்திருந்தார்கள். அவளுடைய முறை, அவளுடைய கணக்கு, வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. விரல் விட்டு, கூரையைப் பார்த்து, மெதுவாக, "இருபத்தொண்ணு" என்றாள். சரி. அடுத்த உருட்டலில் கொழும்பு.

"வாப்பா ஊருக்கு வந்துட்டேன்" என்று கத்தினாள். வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இன்றுதான்.

3 டிசம்பர், புதன்

ஏழாம் வாய்ப்பாடு முழுக்க வந்துவிட்டது. எட்டாவதில் பாதி. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கொழும்புக்குப் போகிற வழியில் ஏழும் எட்டும் கிடந்தன, எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

யாரிடமும் பெருமை பேசவில்லை. இந்த ஊரில் கண்ணு பட நேரமாகாது.

6 ஜனவரி 1959, செவ்வாய்

பட்டுவிட்டது.

யாரோ ஒரு பிள்ளையின் வாப்பா பள்ளிவாசலில் வைத்துக் காக்காவிடம் சொல்லியிருக்கிறார், பெண்கள் பள்ளிக்கூடத்தில் சோழி உருட்டிச் சூதாடுகிறார்கள் என்று. காக்கா முகம் கறுத்து வந்தார்.

"என்ன வேலை பாக்குற நீ? சோழி உருட்டுறதெல்லாம் ஹராம்னு உனக்குத் தெரியாதா?"

"பந்தயம் கட்டலையே காக்கா. பெருக்கல் கணக்குத்தான்."

"இன்னைக்குக் கணக்கு. நாளைக்கு? உருட்டுற கை சும்மா இருக்குமா? கமிட்டில நான் உக்காந்திருக்கேன், என் தங்கச்சியே இதைப் பண்ணுனா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச?"

சங்கு எடுக்கக் கடலில் ஆளை இறக்குகிறாரே, அடியில் சங்கு கிடக்கிறதா கல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டா இறக்குகிறார்? அதை மட்டும் தொழில் என்பார்கள். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருக்கலாம்.

8 ஜனவரி, வியாழன்

எங்கள் தலைமையாசிரியை உமையாள் டீச்சர் ஒரு வழி சொன்னார். "சோழிதானே வேண்டாங்கிறாக? ஆட்டம் வேண்டாங்கலையே. நீங்களே கணக்கைச் சொல்லுங்க டீச்சர். எல்லாரும் சிலேட்டுல போடட்டும். மொதல்ல விடை சொல்றவ கப்பலை நகத்தட்டும். அப்புறம் யாரு குத்தம் சொல்ல முடியும்?"

எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆட்டம் நின்றுபோனால் காலிதாவுக்கு வேறு வழியில்லை என்ற பயம். சரி என்றேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தி வகுப்பு சந்தையாகிவிடக் கூடாது என்று நானே ஒரு விதியும் சேர்த்தேன்: ஒருத்தி விடை சொல்லிவிட்டால் மற்றவர்கள் பலப்பத்தைக் கீழே வைத்துவிட வேண்டும்.

காக்காவிடம் சொன்னேன். "இது நல்ல விளையாட்டு" என்றார்.

20 ஜனவரி, செவ்வாய்

மலிகா கொழும்பு. நேற்றும் மலிகா. அதற்கு முன்னாலும் மலிகாதான்.

காலிதாவின் பொத்தான் கீழக்கரையை விட்டுக் கிளம்பவே இல்லை. சிலேட்டில் முதல் வரி எழுதுவதற்குள் மலிகா விடை சொல்லிவிடுகிறாள். பலப்பத்தைக் கீழே வை. அடுத்த கணக்கு. பலப்பத்தைக் கீழே வை. அவள் போட்டுக்கொண்டிருந்தது சரியா தப்பா என்று அவளுக்கும் தெரிவதில்லை, எனக்கும் தெரிவதில்லை.

மலிகாவைத் திட்டி என்ன செய்ய? நல்ல பிள்ளை. விடை தெரிந்ததைச் சொல்கிறாள்.

சோழி இருந்தபோது மந்தமான பிள்ளைக்கும் ஒரு காற்று அடித்தது. கெட்டிக்காரிக்கும் ஒரு பாறை வந்தது. அதைத்தான் ஹராம் என்று எடுத்துப் போட்டோம். இப்போது ஜெயிக்கிறவள் ஜெயித்துக்கொண்டே இருக்கிறாள், தோற்கிறவள் தோற்றுக்கொண்டே இருக்கிறாள். இதற்கு விளையாட்டு என்று பெயர் வேறு.

10 பிப்ரவரி, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் வந்தார். பாய்த்துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மலிகா பட்பட்டென்று சொல்லிக் கப்பலை ஓட்டினாள்.

"பிரமாதம் அம்மா. அதிர்ஷ்டத்துக்கு இதில் இடமே இல்லை. முழுக்க முழுக்க மூளைக்கு வேலை" என்றார். இராமநாதபுரம் கல்விக் கண்காட்சிக்கு அனுப்பச் சொன்னார். பிடித்துப்போனால் அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் கொடுப்பார்களாம். உமையாள் டீச்சருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

காலிதா சுவரோரமாக உட்கார்ந்து பலப்பத்தைக் கையில் பிடித்தபடி இருந்தாள். இன்ஸ்பெக்டர் அவளையும் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். இவளுக்காகச் செய்ததுதான் சார் இது என்று சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நானும் சிரித்தேன்.

24 பிப்ரவரி, செவ்வாய்

"உம்மா, நான் வெளையாடல. மத்தவங்க பொத்தானை எடுத்துக் கொடுக்குறேன்" என்றாள் காலிதா.

நான் விடவில்லை. டீச்சர் மகளே ஒதுங்கினால் மற்றவர்களும் ஒதுங்குவார்கள் என்று உட்கார வைத்தேன். பரிசு வரப்போகிற ஆட்டம் இல்லையா!

18 மார்ச், புதன்

நோன்பு. பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்தால் கூடத்தில் சோழிச் சத்தம். காக்காவின் மனைவி ரம்ஜான் பீவி மச்சியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். நோன்பு நேரம் போக வேண்டுமாம். காக்கா தொழுகைக்கு ஒளு செய்யப் போகிற வழியில் நின்று, "யாரு பழம் எடுத்தது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காக்கா போனபிறகு மச்சியிடம் கேட்டேன், இது ஹராம் இல்லையா என்று. "ஏன்டி, வீட்டுக்குள்ள பொம்பளைக வெளையாடுறதை யாரு பாக்குறா?" என்று சிரித்தார்.

அப்படியானால் யாரும் பார்க்காததுதான் ஹலாலா? நோன்பு வைத்துக்கொண்டு இப்படி எழுதுவது பாவம். எழுதிவிட்டேன்.

10 ஏப்ரல், வெள்ளி

பெருநாள். காலிதாவுக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை. பரீட்சையை நினைத்துப் பிரியாணி இறங்கவில்லை.

21 ஏப்ரல், செவ்வாய்

கணக்குப் பரீட்சை முடிந்தது. போன வாரம் முழுக்க வீட்டில் கேட்டேன். நிதானமாகக் கேட்டால் எல்லாம் சொல்கிறாள். தேறிவிடுவாள். அல்லாஹ் கைவிடமாட்டான்.

22 ஏப்ரல், புதன்

தாளைத் திருத்திய உமையாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார். தொடக்கத்தில் போட்ட இரண்டு மூன்று கணக்கும் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. பிறகு ஒரு பெருக்கல், பாதியில் நிற்கிறது. அதற்குக் கீழே வெறும் தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன்டி எழுதல? தெரியலையா?"

"தெரியும்மா."

"பெறகு?"

"மலிகா முடிச்சுட்டு எந்திரிச்சுட்டா."

"அவ எந்திரிச்சா உனக்கு என்ன?"

என்னை விசித்திரமாகப் பார்த்தாள், எனக்குத்தான் விதி மறந்துவிட்டது என்பதுபோல. "ஒருத்தி முடிச்சுட்டா பென்சிலைக் கீழ வைக்கணும்ல உம்மா?"

அல்லாவே. நான் சொல்லிக்கொடுத்ததுதானே! வாரக்கணக்கா, நாள் தவறாம, என் வாயாலே, பலப்பத்தைக் கீழ வை, கீழ வைன்னு... ஏழாம் வாய்ப்பாடு மண்டையில ஏறுனதோ இல்லையோ, இது ஏறிருச்சு. நான் டீச்சரா? என் கையை ஒடிச்சு அடுப்புல வைக்கணும்.

30 ஏப்ரல், வியாழன்

தேறவில்லை. உமையாள் டீச்சரிடம் கெஞ்சினேன். "எழுதுனதுக்குத்தான் மார்க்கு போட முடியும் டீச்சர். உங்க மகளுக்குன்னு மாத்தினா கமிட்டி என்னைச் சும்மா விடுமா?" என்றார். அவர் சொல்வது சரிதான். எல்லோரும் சொல்வது சரிதான்.

காக்காவிடம் சண்டை போட்டேன். பென்சில் கதையை முழுக்கச் சொன்னேன். சோழியை எடுத்ததால் வந்த வினை என்று சொன்னேன். காக்கா சொன்னார்:

"பென்சிலை வச்சாளாம், அதுக்குச் சோழி காரணமாம். புள்ளைக்குப் படிப்பு ஏறலைன்னு சொல்லு, போதும். நீ பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்கே நான் ஊருக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன் சபியா."

அதற்கு மேல் பேசினால் என் வேலையும் போகும். அதோடு திரும்பிவிட்டேன். காலிதா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

15 ஜூன், திங்கள்

பள்ளி திறந்தது. காலையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பும்போது பழக்கத்தில் அவள் கையைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

7 ஜூலை, செவ்வாய்

அச்சடித்த ஆட்டம் இராமநாதபுரத்திலிருந்து கட்டாக வந்திருக்கிறது. கெட்டி அட்டை, நீலக் கடல், அழகான கப்பல். பாறை இல்லை, காற்று இல்லை. வெறும் கட்டங்கள். கீழே என் பெயர். விதிமுறை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: 'முதலில் விடை கூறுபவரே வெற்றி பெறுவார். ஏனையோர் எழுதுவதை உடனே நிறுத்த வேண்டும்.'

உமையாள் டீச்சர் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வாழ்த்தும் அனுப்பியிருக்கிறார். இனி இந்த ஜில்லாவில் எத்தனை பிள்ளைகள் பலப்பத்தைக் கீழே வைக்கப்போகின்றனவோ!

நான் நன்றி சொன்னேன்.

9 ஜூலை, வியாழன்

அசர் தொழுகை நேரத்துக்கு வீடு வந்தேன். கூடத்தில் மறுபடியும் சோழிச் சத்தம். மச்சியும் பெண்களும் என்று நினைத்து உள்ளே போனால், என் பழைய பாய்த்துணி விரித்திருக்கிறது. ஒரு பக்கம் காலிதா. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது ஹமீது காக்கா.

சோழியை உருட்டினார். பாறையில் போய் மாட்டிக்கொண்டார். காலிதா வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் முறை வந்தது. நாலும் நிமிர்ந்து விழுந்தன. கொழும்புக் கட்டத்தில் எட்டு. விரல் விடவில்லை, கூரையைப் பார்க்கவில்லை.

"முப்பத்திரெண்டு. கொழும்புக்கு வந்துட்டேன் மாமா."

காக்கா வாய்விட்டுச் சிரித்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, "ஏ சபியா, இங்கன வந்து பாரேன், காலையிலேருந்து ஒரு ஆட்டம்கூட இவகிட்ட ஜெயிக்க முடியல. கணக்குல இவ்வளவு கெட்டிக்காரியா இருக்காளே, பெறகு பரீட்சையில எப்படித் தோத்தா?" என்றார்.

அவர் நிஜமாகவே கேட்டார். பதிலுக்காக என் முகத்தையும் பார்த்தார்.

துப்பட்டியை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். நாளைக்கு வெள்ளி, விடுமுறை. சனிக்கிழமை புதிய அட்டையில் ஏழாம் வாய்ப்பாடு தொடங்க வேண்டும்.