மொச்சை ஊறிய தண்ணீர்

இன்று காலை சமையலறை முழுவதும் ஊறிய மொச்சையின் பச்சை வாசனை. பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கலாமென்று நேற்றே ஊறப் போட்டிருந்தேன். மருமகள் பாத்திரத்தைச் சாய்க்கப் போனாள். "அந்தத் தண்ணிய கொட்டாதம்மா" என்றேன். ஏனென்று கேட்டாள். சொல்வதானால் உங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் திருப்பதி. நான் சித்தூர் கான்வென்ட்டில் படித்தவள். ஆய்வுக்கூடத்தில் என் மேசைமேல் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பொறுக்கமாட்டேன். பக்கத்து மேசை உங்களுடையது. நகரி விவசாயி வீட்டுப் பிள்ளை. நம் குடலில் புரதத்தைச் செரிக்க வைக்கும் டிரிப்சின் என்ற நொதியைக் கட்டிப்போடும் பொருள் ஒன்று மொச்சையில் உண்டு. அதைப் பிரித்தெடுப்பதே என் ஆராய்ச்சி. சோதனை எளியது. நீர்த்த பாலில் டிரிப்சினை விட்டால் வெண்மை போய்த் தெளிந்துவிடும். அந்தத் தடுப்பான் சேர்ந்திருந்தால் பால் பாலாகவே நிற்கும்.

என் குழாய்கள் எல்லாம் தெளிந்துகொண்டே இருந்தன. நான்கு மாதம் போயிற்று. சனிக்கிழமைக்குள் ஒரு குழாயாவது வெள்ளையாக நிற்காவிட்டால் என் இடம் வேறொருவருக்கு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். உறவினர்களை எல்லாம் எதிர்த்துக்கொண்டு என்னைப் படிக்க அனுப்பிய நைனாவின் முன் எப்படிப் போய் நிற்பேன்?

பிதுக்குப் பருப்புக்கு வீட்டில் செய்கிற மாதிரியே செய்தேன். இன்னும் சுத்தமாக, மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, தோலைப் பிதுக்கிப் பருப்பை அரைத்தேன். ஊறிய தண்ணீரை நீங்கள் ஒரு தூக்குவாளியில் வாங்கிப் போவீர்கள், நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவின் மாட்டுக்கு.

வெள்ளிக்கிழமை வாளி இல்லாமல் வந்தீர்கள். அந்த அம்மாள் தெலுங்கில் திட்டியதை நடித்தே காட்டினீர்கள்.

"உங்க தண்ணி இனிமே வோணாமாம் மேடம். கன்னுக்குட்டிக்கு வச்சிருக்காங்க. அது குட்ச்ச பாலு அப்படியே வெளிய வந்துகினு கீதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குடித்த பால் அப்படியே. செரிக்காத பால். அன்றைய தண்ணீரைத் தொட்டியில் சாய்க்கப் போன கை அப்படியே நின்றது.

அதையே இரண்டு சொட்டு டிரிப்சினோடு கலந்து பாலில் விட்டேன். இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அரை மணி நேரமாகியும் பால் வெள்ளையாகவே இருந்தது.

"இன்னா மேடம், நாலு மாசமா நல்லத எல்லாம் மாட்டுக்கு ஊத்திட்டு, சக்கைய வச்சிக்கினா அழுதுகினு இருந்தீங்க?" என்றீர்கள்.

யாராவது என்னைக் கேலி செய்தால் ஒரு வாரம் பேசமாட்டேன். அன்றைக்கு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கன்று இரண்டே நாளில் துள்ளியது. ஒரு கட்டு அகத்திக்கீரையோடு போய் நான் மன்னிப்புக் கேட்டேன். பசு உடனே ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கார அம்மாளுக்குத்தான் நாளாயிற்று.

இந்தத் தடுப்பானைப் பயிருக்குள்ளேயே வைத்துவிட்டால் இலையைத் தின்ற புழு செரிக்காமல் சாகும் என்று அப்போதே சொல்வீர்கள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அதட்டுவேன். வெளிநாட்டில் அப்படியே செய்து பார்க்கிறார்கள் என்ற செய்தி பல வருடங்கள் கழித்து வந்தபோது, அதைக் கத்தரித்து என் காபி டம்ளர் பக்கத்தில் வைத்தீர்கள்.

என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர் உண்டு, கண்ணாடிக் குழாய் கழுவியவர்கூட உண்டு. நீங்கள் இல்லை. ஓர் ஆண் கண்டுபிடித்துக் கொடுத்தது என்று பேச்சு வரக்கூடாது என்ற வீம்பு. நம் கல்யாணத்துக்குப் பிறகும், கடைசி நாள்வரை, அதை நீங்கள் விடவில்லை. "என்ன உட்டது போவுது, கன்னுக்குட்டிய எப்படி உட்ட?" என்பீர்கள்.

இன்று அலமாரியிலிருந்து அந்த ஏட்டை எடுத்தேன். ஆங்கிலத்தில் அச்சான அந்தப் பக்கத்தின் அடியில், கோடு போட்டது போன்ற என் கையெழுத்தில், தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: "கன்றுக்குட்டிக்கும், தூக்குவாளி கொண்டுவந்தவருக்கும்."

கன்றைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள்.