பின்னறையின் கதகதப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

ஓவர்ஃப்ளோ பைப் மறுபடி சொட்டுகிறது. பின்பக்கம் துணி காயப்போடும் இடமெல்லாம் சகதி. இவரிடம் சொன்னால், "தொட்டி ரொம்பினா வழியத்தானே செய்யும்" என்கிறார். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்த மனிதர். விட்டுவிட்டேன்.

தொட்டி இருப்பது பின்னறைப் பரணில். அந்த அறையில்தான் இப்போது நாத்தனாரும் கைக்குழந்தையும். புருஷனோடு பிணங்கிக்கொண்டு வந்தவள். எப்போது போவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டுவிடுவேனோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 5, வியாழன்

பிளம்பர் வந்தார். தொட்டிக்குள் தண்ணீரை நிறுத்தும் மிதவை இற்றுப்போயிருக்கிறதாம். மாற்றினார். "இனிமே ஒரு சொட்டு விழாதும்மா."

பிப்ரவரி 8, ஞாயிறு

விழுகிறது.

வாளியை வைக்கப் போனபோது கையில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. இன்னொரு தரம் கையை நீட்டினேன். ஆமாம், வெந்நீர்தான்.

"வெயில்ல பைப் சுட்டிருக்கும்" என்றார் இவர்.

"எந்த வெயில்? இந்த மலையில சூரியனைப் பார்த்தே நாலஞ்சு நாளாச்சு."

சமையலறையில் பச்சைத்தண்ணிக் குழாயைத் திறந்தேன். அதிலும் சூடு.

பிப்ரவரி 9, திங்கள்

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கூட்டம் குறைந்ததும் பிளம்பருக்குப் போன் செய்தேன். விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தவரின் குரல் வெந்நீர் என்றதும் மாறிவிட்டது.

"நான்தான் அன்னிக்கு சரியா பார்க்கலை. ஹீட்டர்ல சூடு ஒரு அளவோட நிக்கணும். நிக்காம கொதிச்சா, வெந்நீர் குழாய் வழியா மேல ஏறி அந்தத் தொட்டிக்குள்ளயே கொட்டும். பிளாஸ்டிக் தொட்டி எவ்வளவு தாங்கும்? மொதல்ல ஹீட்டரை அணைங்க. நான் வெளியூர்ல இருக்கேன். வெள்ளிக்கிழமை வந்துடறேன்."

வீட்டுக்கு வந்ததும் அணைத்தேன். நாத்தனார் வந்து மறுபடி போட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பச்சப்புள்ள குளிக்கிற வெந்நீர்லயா அண்ணி உங்க சிக்கனத்தைக் காட்டணும்?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 11, புதன்

நான் அணைக்கிறேன். அவள் போடுகிறாள். இன்று முழுக்க இதே.

பிப்ரவரி 12, வியாழன்

அவள் குளிக்கப் போன நேரம் பின்னறைக்குள் போனேன். வீடே குளிரில் விறைத்துக் கிடக்கிறது, அங்கே மட்டும் கோழி அடைகாக்கிற மாதிரி ஒரு கதகதப்பு. பாப்பா போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். மேலே பார்த்தேன். பலகைக் கூரையில் பழுப்பாக ஒரு ஈரம். தொட்டிலுக்கு நேர் மேலே பலகை லேசாகத் தொங்கியிருக்கிறது. பரணுக்குள் களக் களக் என்று சத்தம்.

தொட்டிலை இழுத்தேன். சக்கரம் கிறீச்சிட்டது. ஈரத்தலையோடு ஓடி வந்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"மேல பாரும்மா. கொஞ்ச நாளைக்கு எங்க ரூம்ல படு. நாங்க ஹால்ல படுத்துக்கறோம்."

"இந்த ஒரு ரூமும் உறுத்துதா உங்களுக்கு? இங்கதான் எம்புள்ள நல்லா தூங்குது. இது எங்கப்பா கட்டின வீடு."

நான் என்ன செய்ய? பிள்ளை இல்லாதவள் எரிச்சல்படுகிறாள் என்று நினைக்கிறாளோ? வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே காதில் விழுந்தது.

இவர் பாடு மத்தளம் மாதிரி. இரண்டு பக்கமும் இடி. "நாளைக்குத்தான் பிளம்பர் வராரே. ஒரு நாள் பொறு" என்கிறார். பொறுக்கலாம். கூரை பொறுக்குமா?

பிப்ரவரி 13, வெள்ளி

எழுத வரவில்லை. பாப்பா நன்றாக இருக்கிறாள். நாத்தனாரும் நன்றாக இருக்கிறாள். இன்றைக்கு அது போதும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இப்போது எழுதலாம்.

வெள்ளி காலை வேலைக்குக் கிளம்புமுன் ஹீட்டரின் ஃபியூஸைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தெரு முனை தாண்டுவதற்குள் நாத்தனார் வாசலுக்கு வந்து கத்த ஆரம்பித்துவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கடையில் ஒரே மாத்திரை அட்டையை மூன்று தரம் படித்தேன்.

அன்று மதிய ஷிஃப்ட் என்பதால் இவர் வீட்டில் இருந்தார். மதியத்துக்கு முன்னால் போன் செய்தார். "வீட்டுக்கு வா."

"பாப்பா?"

"நீ வா."

அந்த இரண்டு சொல்லோடு பஸ்ஸில் வந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்டால் தெரியாது.

பின்னறை வாசலில் ஆவி. பரண் பலகை இரண்டாகப் பிளந்து, தொட்டி வாய் கோணிப்போய்த் தரையில் கிடந்தது. அதன் அடியில் தொட்டில். கம்பிகள் வளைந்து, மெத்தை ஊறிப்போய். அணைத்துச் சில மணி நேரம் ஆகியும் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு என்றார் இவர். அவருக்குப் பாதத்தில் கொப்புளம். மூடிய கதவைத் திறந்து உள்ளே ஓடியிருக்கிறார், தொட்டிலைப் பார்க்க.

தொட்டில் காலி. ஹீட்டரில் வெந்நீர் வரவில்லை என்பதால் நாத்தனார் சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பானை கொதிக்கக் காத்திருந்திருக்கிறாள். பரண் இடிந்த சத்தம் கேட்டும் அவளால் எழுந்திருக்க முடியவில்லையாம். நான் போனபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாப்பா அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

மாலையில் பிளம்பர் வந்தார். பார்த்துவிட்டு நடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 18, புதன்

எல்லோரும் ஹாலில்தான் படுக்கிறோம். புதுத் தொட்டி வெளியே, தரையில் மேடை கட்டி வைப்பதாக ஏற்பாடு. பின்னறையைப் பூட்டச் சொல்லிவிட்டார் இவர்.

இன்று காலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு நீங்க போனப்புறம் உங்களை ரொம்ப மோசமா சபிச்சேன் அண்ணி."

"தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு."

சிரிப்பு வரும் போலிருந்தது இருவருக்கும். வரவில்லை.

"கொஞ்சம் பிடிங்க" என்று பாப்பாவை என் ஈரக் கைகளில் கொடுத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு பச்சைத்தண்ணியில் குளிக்கப் போனாள்.