நீ கை வைத்த மண்

மச்சான்,

சமையலறை ஜன்னலைச் சாத்திய பிறகும் அந்த மணம் உள்ளே வருகிறது. பழைய பற்றரியைப் பிளந்தால் நாக்கின் ஓரத்தில் புளிப்பாக ஒட்டிக்கொள்ளுமே, அந்த மணம். கட்டடத்துக்குப் பின்னால், கம்பி வேலிக்கு அப்பால், மண்வாரி இயந்திரம் போன கோடையில் விட்ட இடத்திலிருந்து இந்தக் கிழமை முழுக்கத் தோண்டுகிறது. வேலியில் பெரிய படம் ஒன்று தொங்குகிறது: ஒரு வெள்ளைக்காரச் சோடி, ஒரு நாய், பின்னால் கண்ணாடிப் பல்கனிகள். படத்தில் மரங்களும் உண்டு. அந்தக் காணியில் மரம் முளைத்து நீயும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை.

நாங்கள் கியூபெக்கின் லாசாலுக்கு வாடகைக்கு வந்தபோதே அங்கே இருந்த முலாம் பூசும் பட்டறையை இடித்துவிட்டிருந்தார்கள். நகரசபை வேலி போட்டு, உள்ளே போகக்கூடாது என்று பிரெஞ்சில் ஒரு தகடு மாட்டியது. அதோடு தன் வேலை முடிந்ததென்று போய்விட்டது. ஒரு மூலையில் மட்டும் பனி மற்ற இடங்களுக்கு முந்தி உருகும். கீழே என்ன வேகிறதென்று யாரும் கேட்கவில்லை. நீ தியானத்துக்கு அந்த மூலையைத்தான் தேர்ந்தெடுத்தாய்.

நீ பேகன் ஆனது எங்கள் ஆட்களுக்கு முதலில் பகிடியாக இருந்தது. களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆறடித் தாடிக்காரன், பூமியையே தெய்வமென்று வணங்கும் கியூபெக் கிழவிகளோடு வட்டத்தில் நிற்கிறான்! “சூனியக்காரி எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். உதென்னடா சூனியக்காரன்?” என்று நான் கேட்டதற்கு, “எல்லாத்தையும் பெட்டையளுக்கே விட்டுக்குடுக்கேலுமே மச்சான்?” என்றாய்.

பிறகு பகிடி நின்றது. கோயிலில் அன்ரியோடு, உன் அம்மாவோடு, கதைக்காமல் விட்டார்கள். அன்ரி செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழித்தால் அது பக்தி. நீ நாலு திசைக்கும் உப்பும் தண்ணீரும் வைத்தால் அது பில்லிசூனியம். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு தாயை ஒதுக்கிவைத்த அந்தக் கேவலம் இன்றைக்கும் எரிகிறது.

ஒருமுறை என்னையும் கூட்டிப்போனாய். ஒக்ரோபர் கடைசி, பொழுது சாய்கிற நேரம், இறந்தவர்களை நினைக்கிற உங்கள் பண்டிகை. வேலியில் யாரோ வெட்டிவைத்த ஓட்டை வழியாக நுழைந்தோம். வட்டத்தின் மூத்தவள் சொலாஞ் ஒரு கோதுமைப் பாணைப் பிய்த்து மண்ணில் வைத்தாள். பறை போன்ற ஒன்றைத் தட்டினார்கள். பிறகு நீங்கள் எல்லாரும் குந்தியிருந்து உள்ளங்கைகளை நிலத்தில் பதித்தீர்கள். “மூச்சைக் கீழ விடு. வேர் மாதிரி இறங்கட்டும்,” என்று எனக்கு மெல்லச் சொன்னாய். நான் கையை ஜக்கெற் பையிலிருந்து எடுக்கவில்லை. உன் விரல்களுக்கிடையில் மண் பச்சையாக இருந்தது. பாசிப் பச்சை இல்லை. செப்புக் காசில் பிடிக்கிற பச்சை.

திரும்பி வரும்போது சண்டை பிடித்தோம்.

“டேய், உது நஞ்சு மண்.”

“தெரியும்.”

“தெரிஞ்சோ கையை வைக்கிறாய்?”

“ஆஸ்பத்திரியில வருத்தக்காரரைப் பாக்கப் போறனியள்தானே. கையைப் பிடிக்காமலே வாறனியள்?”

“வருத்தக்காரர் உன்னைக் கொல்லமாட்டினம், விசரா!”

நீ சிரித்தாய். வருடத்தின் எட்டுப் பண்டிகைகளையும் அதே மூலையில் செய்யப்போவதாகவும், ஒவ்வொரு விடியலிலும் வந்து இருக்கப்போவதாகவும், அது அந்த நிலத்தைச் சுகமாக்கும் மந்திரம் என்றும் சொன்னாய். நான் நகரசபைக் கூட்டத்துக்கு வா என்றேன். மறுக்காமல் வந்தாய். வேலை உடுப்போடு எழுந்து நின்று, உன் களஞ்சியப் பிரெஞ்சில், “அந்த நிலத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வளர்கிறார்கள்,” என்றாய். விடயம் பரிசீலனையில் இருக்கிறது என்று நன்றி சொல்லி அனுப்பினார்கள். புறநகரான பியர்பொன்ட்ஸில் சொந்த வீட்டுக்காரரின் முற்றத்தில் அந்தப் பச்சை தெரிந்திருந்தால் அடுத்த நாளே வந்திருப்பார்கள். வாடகைக் குடிகளுக்குப் பரிசீலனைதான்.

பனிக்காலம் வந்ததும் நிலம் கல்லானது. கை பதிக்க முடியாது. அப்போதுதான் நீ அந்த வேலையைச் செய்தாய். உறைவதற்கு முன்பே அள்ளிவைத்த மண்ணை ஒரு பிளாஸ்ரிக் பேசினில் போட்டு உன் அறைக்குள் வைத்துக்கொண்டாய். அதுவும் மண் இளகி இருக்கவேண்டுமென்று சுவரோரம் ஹீற்றருக்குப் பக்கத்தில். விடியற்காலையில் அதற்கு முன்னால் சம்மணமிட்டு, மணிக்கட்டு வரை கைகளைப் புதைத்து, கண்ணை மூடி இருப்பாய். ஹீற்றர் மண்ணைக் காயவைத்தது. காய்ந்தது தூசியானது. ஜன்னல் விளிம்பில், தலையணையில், உன் தேத்தண்ணிக் கோப்பையில், எங்கும் மெல்லிய சாம்பல் படலம்.

“வீட்டுக்குள்ள குழி வெட்டி வைச்சிருக்கிறான் தம்பி. நீயாவது சொல்லன்,” என்றார் அன்ரி. சொன்னேன். கத்தியும் சொன்னேன். ஒருநாள் பேசினைத் தூக்கி வெளியே கொண்டுபோகப் பார்த்தேன். நீ வாசலை மறித்து நின்றாய். கோபமே இல்லாத அந்த முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. “எல்லாரும் விட்டிட்டுப் போன ஒண்டு மச்சான் உது. நானும் விடேலாது,” என்றாய்.

அடுத்த கோடையில் உன் கால்கள் வீங்கின. சிறுநீரகம் என்றார்கள். மருத்துவர் உன் வேலையைப் பற்றிக் கேட்டார், குடியைப் பற்றிக் கேட்டார், ஊரில் பரம்பரை வருத்தம் உண்டோ என்று கேட்டார். நான் மண்ணைச் சொன்னேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நிச்சயமாகச் சொல்ல முடியாமல் இருப்பதில்தான் அவர்கள் எல்லாரும் தப்புகிறார்கள்.

உன் செத்தவீட்டுக்கு சொலாஞ் தேவதாருக் கிளைகளோடு வந்தாள். கோயில் ஆட்கள் இரண்டு பேர் வாசலில் மறித்தார்கள். அன்ரி எழும்பி வந்தார். “அவவை விடுங்கோ. நீங்கள் ஒருத்தரும் வராத நேரம் என்ர பிள்ளைக்குப் பக்கத்தில இருந்தவ,” என்றார். சொலாஞ் உன் நெஞ்சில் கிளையை வைத்து, பூமி தன் பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொண்டது என்றாள். எனக்குத் தாங்கவில்லை. “பூமி எடுக்கவில்லை மடாம். பட்டறைக் கொம்பனி எடுத்தது. நகரசபை எடுத்தது,” என்று பிரெஞ்சில் கத்தினேன். அவள் மறுக்கவில்லை. என் கையைப் பிடித்தாள். அவளுடைய விரல் நுனிகளும் வெடித்து, தோல் உரிந்திருந்தன.

இப்போது அந்த மண்ணை லொறி லொறியாக ஏற்றுகிறார்கள். மேலே தார்ப்பாய்கூட இல்லை. வேலைக்குப் போகுமுன் வேலியடியில் நின்று படம் எடுக்கிறேன், நகரசபைக்கு அனுப்புகிறேன். பதில் வருவதில்லை. நேற்று ஒரு லொறி வேலி வாசலில் நின்றது. சாரதி எங்கள் ஆள், யாழ்ப்பாணத்துக்காரர்.

“அண்ணை, உதை எங்க கொண்டுபோறியள்?”

“ஏத்தச் சொன்னா ஏத்துறன், கொட்டச் சொன்னா கொட்டுறன். உனக்கென்ன பொலிஸ் வேலையே?”

“என்ர சிநேகிதன் உதைத் தொட்டுத்தான் செத்தவன் அண்ணை.”

அவர் ஸ்ரியறிங்கிலிருந்த தன் கையைப் பார்த்தார். “பியர்பொன்ட்ஸ் பக்கம். புது வீடுகளுக்கு. பள்ளத்தை உதால நிரப்பிப்போட்டு மேலால கறுப்பு மண் போடுவாங்கள். நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத,” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

இன்று காரை எடுத்துக்கொண்டு லொறிக்குப் பின்னால் போனேன். முந்திய கோடையில் எழும்பிய வீடுகளுக்குப் பின்னால் இன்னும் மூடாத பள்ளங்கள். லொறி அங்கே கொட்டியது. முன்வரிசை வீடொன்றின் பின்வளவில் எங்கள் ஆட்களில் ஒரு பெண், வெறுங்காலோடு குந்தியிருந்து, மிளகாய்க் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தாள். காரை நிறுத்திவிட்டு அவளருகே போனேன். ஆழமாகத் தோண்டியிருந்தாள். கறுப்பு மண்ணுக்குக் கீழே, குழியின் ஓரத்தில், அந்தப் பச்சை.

நீ விட்டுப்போனதில் எனக்கு மந்திரம் ஒன்றும் வரவில்லை மச்சான். பண்டிகைகளின் பெயர்களும் மறந்துபோகின்றன. நிலத்தைப் பார்க்காமல் நடக்க முடியாத ஒரு வியாதி மட்டும் உன்னிடமிருந்து எனக்குத் தொற்றியிருக்கிறது.

அவள் நிமிர்ந்து, “ஆரைத் தேடுறியள் தம்பி?” என்றாள்.

“அக்கா, முதல்ல கையைக் கழுவுங்கோ.”

“ஏன், என்ன நடந்தது?” என்று சிரித்தாள்.

அவள் அலவாங்குக் கம்பியைப் போல நேராகப் பார்க்கிற பெண். சுருக்கமாகச் சொன்னால் விசரன் என்று துரத்திவிடுவாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, புல்லில் இல்லாமல் சீமெந்துப் படியில் உட்கார்ந்து, உன் பெயரைச் சொல்லித் தொடங்கினேன்.