நாரைத் துறையை வாங்கினது நான்தான்

தைனான்,
நிலாப் பண்டிகைக்கு முந்தின வாரம்

அன்புள்ள பெய்ஜென்னுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நான் நல்லா இருக்கேன், முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டா முனகுது, மத்தபடி மீன் கஞ்சி நல்லா இறங்குது, தூக்கமும் வருது. வான்கூவர்ல குளிர் ஆரம்பிச்சிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டுதான் பேனாவை எடுத்திருக்கேன், ஏன்னா உடம்பு சரியில்லாத பிள்ளையைத் திட்ட எனக்கு மனசு வராது. சௌக்கியம்னா ஒரு இடமா உக்காந்து படி. போன்ல தட்டினா என் கோபம் ஒரு துக்கடாவாப் போயிடுது, நீயும் உடனே ஒரு சிரிச்ச மூஞ்சியை அனுப்பிட்டு வேலையைப் பார்க்கப் போயிடறே. அதான் காகிதத்துல எழுதறேன். காகிதத்துக்குப் பதிலா யாரும் சிரிச்ச மூஞ்சி அனுப்ப முடியாது.

விஷயத்துக்கு வர்றேன். அப்பா காரியத்துக்கு நீ வந்திருந்தப்போ கூடத்து அலமாரியைத் திறந்து பார்த்துட்டு, என்னம்மா இது, நாரைத் துறை படம் மட்டுமே இத்தனை கேசட்டும் டிஸ்க்குமா இருக்கு, இந்த ஊர் ஈரத்துல பூஞ்சை பிடிச்சுப் போகுமே, நூலகத்துக்குக் குடுத்தா ஏசி அறையில வச்சுக் காப்பாத்துவாங்களேன்னு சொன்னே. நல்ல யோசனைதான், நானும் தலையாட்டினேன். ஊருக்குப் போனதும் நீயே அவங்களுக்கு எழுதினே, அவங்களும் வந்து பெட்டி பெட்டியா எடுத்துக்கிட்டுப் போனாங்க, லேசர் டிஸ்க்கை ஓட்டற என் பெட்டியையும் சேர்த்துதான். போன ஞாயித்துக்கிழமை கண்காட்சி திறப்பு விழா. எனக்கு நெஞ்சில பூ குத்தி முன் வரிசையில உக்கார வச்சாங்க. முடி எல்லாம் சுருட்டிக்கிட்டுப் போயிருந்தேன்டி. பெருமையா எழுந்து கண்ணாடிப் பெட்டிகிட்ட போய்ப் பார்க்கறேன், உங்க அப்பா போட்டோ! மீனவர் சங்க ஆபீஸ்ல எடுத்தது, கோட்டு போட்டுக்கிட்டு வயிறை உள்ள இழுத்துக்கிட்டு நிப்பாரே, அது. கீழ ஒரு பலகை. நாரைத் துறை இசைப்படத்தின் வீட்டுப் பதிப்புகள் அனைத்தையும் வாழ்நாள் முழுதும் தேடிச் சேகரித்த மறைந்த திரு. ஹுங் ஜின்ஷுய் அவர்கள் நினைவாகன்னு எழுதியிருக்கு. என் பேரு எங்கேன்னு தேடினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுத் தேடினேன். அடியில பொடி எழுத்துல, அன்பளிப்பு குடும்பத்தார்னு இருந்தது. அந்தக் குடும்பத்தார்ல நானும் ஒருத்தியாம்.

நூலகத்துப் பொண்ணு ஜியென்கிட்ட, இதை யாரும்மா சொன்னதுன்னு கேட்டேன். நல்ல பொண்ணுதான், அவ மேல கோபமில்லை. உங்க மகதான் எங்கப்பாவோட படங்கள்னு எழுதியிருந்தாங்க, அதோட ஒவ்வொரு உறையிலயும் ஐயாவோட சேகரிப்பு முத்திரை இருக்கேம்மா, அந்தக் காலத்துப் பண்டிதருங்க தங்களோட ஓவியத்துல பதிக்கிற மாதிரி மூலை பார்த்து எவ்வளவு அழகாப் பதிச்சிருக்காருன்னு உருகிப் போய்ச் சொல்றா. சேகரிப்பு முத்திரையாம்! அடக் கடவுளே! உங்க அப்பா காலம் பூரா மீன் ரசீதுக்கு முத்திரை குத்தின மனுஷன். எனக்குப் பார்சல் வரும், நான் மில்லுல இருப்பேன், இவர் வாசல்ல வந்து தபால்காரர் காகிதத்துல பேர் முத்திரையைக் குத்துவார். குத்திட்டு, முத்திரையில ஒட்டியிருக்கிற சிவப்பு மை வீணாப் போகுதேன்னு பார்சலைப் பிரிச்சு உள்ள இருக்கிற உறையில ஒரு குத்து, கையில கிடைச்ச மத்த எதுலயும் ஒரு குத்து. நம்ம மேஜை விசிறிக்கு அடியில பாரு, இருக்கும். குடையில இருக்கு. மர ஸ்டூல்ல இருக்கு. உன் பள்ளிக்கூடத் தண்ணி பாட்டில்ல குத்தி நீ அன்னிக்குப் பூரா அழுதே, மறந்துட்டியா? சோறாக்குற பானைக்கு அடியிலயும் ஹுங் ஜின்ஷுய்னு சிவப்பா இருக்கு, அப்போ இத்தனை வருஷமா சோறாக்கினதும் அவர்தானா? ஜியெனைக் கூட்டிட்டு வந்து காட்டினா அந்தப் பானையையும் கண்ணாடிப் பெட்டியில வச்சுடுவா.

உனக்கு நினைவு இருக்கோ இல்லையோ, நானே சொல்றேன், கேட்டுக்கோ. முதல் கேசட்டு நம்ம முனைக்கடை வாடகைக் கேசட்டு. கடையை மூடுறப்போ கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாரும் படகுத்துறைப் பாட்டு வர்ற இடத்துக்கே திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்திருக்காங்க, அந்த இடம் மட்டும் தேய்ஞ்சு கோடு கோடா மழை பெய்யும். அது மட்டுமில்லை, மூணாவது சரணமே அதுல கிடையாது, வெட்டிட்டாங்க. அதை எங்கடா பிடிக்கிறதுன்னு அலைஞ்சு ஜப்பான்ல இருந்து லேசர் டிஸ்க் வரவழைச்சேன். அதுல மூணு சரணமும் முழுசா இருக்கு, ஆனா கல்யாண ஊர்வலம் சுருங்கிப் போயிருக்கு, நடுவுல எழுந்து தட்டைத் திருப்பியும் போடணும். அப்புறம் ஹாங்காங் விசிடி. அது ஒரு கூத்து, இடது பக்க ஸ்பீக்கர்ல மாண்டரின் பேச்சு, வலது பக்கத்துல கான்டனீஸ் பேச்சு, நம்ம டிவியில ரெண்டும் ஒண்ணாக் கிளம்பி, காதலிக்கிறவங்க குழாயடிச் சண்டை போடற மாதிரி இருக்கும். பின்னால ஒரு ஒயரைப் பிடுங்கி விட்டுட்டு ஒத்தைக் காதால பார்ப்பேன். ஊர்வலம் முழுசா இருக்கிறது அதுல மட்டும்தான். டிவிடி வந்துது, கழுவித் துடைச்சுப் புதுசு பண்ணிட்டோம்னாங்க. கழுவுறப்போ அந்த மூணாவது சரணத்தையும் சேர்த்துக் கழுவிட்டாங்க, பத்தாததுக்குத் தவளைச் சத்தம் வேற சேர்த்திருக்காங்க. அந்தப் படத்துல தவளையே கிடையாதுடி! ப்ளூ-ரேயில வானத்து நிலா துணின்னு தெரியுது, மடிப்பு தெரியுது, கதாநாயகனா ஆம்பளை வேஷம் கட்டின அந்த நடிகையம்மாவோட நெத்தியில பொய்முடி ஒட்டின பசைக்கோடு தெரியுது. இதெல்லாம் எனக்குத் தெரியணும்னு யார் அழுதா? எந்த ஒண்ணுலயும் முழுப் படம் கிடையாது. நான் கல்யாணத்துக்கு முன்னால கொட்டகையில பார்த்து அழுத படம் இதுல கொஞ்சம் அதுல கொஞ்சமாச் சிதறிக் கிடக்கு. அதான் எல்லாமே வேணும். இதை எத்தனையோ தடவை உங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். அவர், ஒரே மீனை எத்தனை தடவைதான் வாங்குவே யுவேஷியான்னு கேட்பார். ரெண்டாவது பாட்டுக்குக் குறட்டை விட ஆரம்பிச்சுடுவார். அவருக்கு அந்தப் படத்தோட முடிவே தெரியாது, சத்தியமாத் தெரியாது.

அவரை நான் குறை சொல்லலை. தங்கமான மனுஷன், ஒரு நாள் கை நீட்டினதில்லை, எனக்குக் காய்ச்சல்னா மீன் முள்ளைக்கூட எடுத்துட்டு ஊட்டுவார். அதுக்கெல்லாம் ஒரு பலகை வைங்க, நானே மாலை போடறேன். என்கிட்ட இருந்து பிடுங்கி அவருக்குக் குடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

விழாவுல உங்க அத்தை மைக்கைப் பிடிச்சாங்க பாரு. தம்பி சின்ன வயசுலேயே கலைஞன், பாட்டுன்னா உயிரை விடுவான், நாங்கதான் அவனைப் புரிஞ்சுக்கலைன்னு மூக்கைச் சிந்தினாங்க. உங்க அத்தைக்கு அவர் பாடினதை ஒரு நாளாவது கேட்ட ஞாபகம் இருக்குமா? ஏற்கெனவே கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சாம், எங்க வீட்டுல ஒரு சினிமா அறிஞர் இருந்தாருன்னு. நான் மெதுவா அவங்க பக்கத்துல போய், அண்ணி, இது தப்புன்னு உங்களுக்கே தெரியுமேன்னு காதுல சொன்னேன். அதுக்கு அவங்க, இருக்கிறவளுக்கு எதுக்குடி பேரு, போனவனுக்குத்தானே பேரு வேணும், செத்தவனோடவா போட்டி போடறதுன்னு என் முழங்கையைக் கிள்ளினாங்க. அப்போ நான் போனதும் எனக்கு எழுதுவீங்களான்னு கேட்டேன். அப்போ பார்த்துக்கலாம்னாங்க. சபையில என்ன பண்றது, வந்து உக்காந்தேன்.

அப்புறம் படம் போட்டாங்க. எதை? அந்தத் தவளை டிவிடியை. கூடம் பூரா என் வயசுப் பொம்பளைங்க. படகுத்துறைப் பாட்டு ஆரம்பிச்சதும் ஒருத்தி முணுமுணுக்க, பக்கத்துல ஒருத்தி சேர்ந்துக்க, கொஞ்ச நேரத்துல கூடமே பாடுது. ரெண்டு சரணம் முடிஞ்சுது, திரையில படம் தாவி அடுத்த காட்சிக்குப் போயிடுச்சு. இவங்க நிறுத்தலை பெய்ஜென். இருட்டுல அத்தனை பேரும் மூணாவது சரணத்தைப் பாடிக்கிட்டே இருக்காங்க, திரையில யாரோ டீ ஊத்திக்கிட்டு இருக்கான். பாடிட்டு, எங்க அந்தச் சரணம், வெட்டிட்டானா பாவின்னு ஆளாளுக்குக் கத்தறாங்க. அதுக்கு மேல என்னால உக்கார முடியலை. எழுந்து நின்னு, முழுசும் என்கிட்ட இருக்கு, சத்தம் போடாதீங்கன்னு நானும் கத்தினேன். ஜியென் ஓடி வந்தா, கண்ணாடிப் பெட்டியைத் திறடின்னேன், திறந்தா. என் தட்டை எடுத்து என் பெட்டியில போட்டேன், ஓடுச்சு. மூணாவது சரணம் வந்தப்போ ஒருத்தியும் பாடலை, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கிட்டே என் கையைப் பிடிச்சு, இதை உன் வீட்டுக்காரர் எங்கேருந்து பிடிச்சார்னு கேட்டா. அவர் எங்க பிடிச்சார், நான் வாங்கினது, எல்லாமே நான் வாங்கினதுன்னு சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா, அதானே, எந்த ஆம்பளை இதைத் தேடிக்கிட்டு அலைவான்னு பலகையைப் படிச்சப்பவே நினைச்சேன்னா. எனக்கு யாருன்னே தெரியாதவ அவ. அவளுக்குத் தெரிஞ்சுது.

ஜியென் பாவம், கையைப் பிசைஞ்சுக்கிட்டு, மன்னிச்சுக்குங்கம்மா, தம்பதியர் சேகரிப்புன்னு மாத்திடறோம், உங்க மகதான் எங்களுக்கு எழுதினவங்க, அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னா. அத்தையும், ஆமா ஆமா, அதான் அழகுன்னு வந்து ஒட்டிக்கிட்டாங்க. தம்பதியராம். பாதி அவருதாம், பாதி என்னுதாம். அவர் பாதி எது, குறட்டை விட்ட பாதியா? வீட்டுக்கு வந்து உனக்கு போன்ல எல்லாத்தையும் தட்டி அனுப்பினேன். நேத்து உன் பதில் வந்துது. அம்மா, தம்பதியர்னு நல்லாத்தானே போடறோம்ங்கறாங்க, நம்ம குடும்பத்துக்குள்ளதானே, யார் பேரா இருந்தா என்னன்னு எழுதியிருக்கே, பின்னாலேயே அந்தச் சிரிச்ச மூஞ்சி வேற.

அத்தை சொன்னா எனக்கு வலிக்கலைடி, அவங்க அப்படித்தான். ஜியென் நேத்து வந்த பொண்ணு. நீ என் மடியில உக்காந்து அந்தப் படத்தைப் பார்த்தவ. பாட்டு வர்றப்போ என் வளையலைப் பிடிச்சு இழுத்தவ. உனக்கே இது அப்பாவோட படமாத் தெரிஞ்சிருக்குன்னா, நான் அந்த வீட்டுல எங்க இருந்தேன்? சமையல் உங்க பாட்டி சொன்ன மாதிரி சமைச்சேன், மில்லுல மேஸ்திரி சொன்ன மாதிரி நெய்தேன், உன்னை ஆசையாத்தான் வளர்த்தேன், நீ வளர்ந்து உன் வழியில போயிட்டே, அது சரிதான், போகணும்தான். எனக்குன்னு நானா ஆசைப்பட்டு, நானா தேடி, நானா சேர்த்தது இந்த ஒண்ணுதான். யார் பேரா இருந்தா என்னன்னு கேட்டியே, நானும் அதையேதான் கேக்கறேன். யார் பேரா இருந்தா என்னன்னா, என் பேரா இருந்தா என்ன?

சரி, திட்டி முடிச்சாச்சு. தனிப் பெட்டியில பம்பளிமாஸ் பழம் அனுப்பியிருக்கேன், வந்த உடனே வெட்டாதே, தோல் சுருங்கட்டும், அப்போதான் இனிக்கும். பேரனுக்குக் காது மூடுற குல்லா போட்டு அனுப்பு. மாப்பிள்ளைகிட்ட இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் பரவாயில்லை, அவரும் தெரிஞ்சுக்கட்டும். நீங்க மூணு பேரும் நோய் நொடியில்லாம, சண்டை சச்சரவில்லாம, நீண்ட ஆயுசோட இருக்கணும்னு தினமும் ஊதுவத்தி ஏத்தி வேண்டிக்கறேன், கோபமா இருந்த நாள்லயும் ஏத்தினேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதே. ஜியெனுக்கு எழுதறப்போ, எங்கம்மாவும் உதவியா இருந்தாங்கன்னு எழுதிடாதே. எங்கம்மா வாங்கினாங்கன்னு எழுது. பேரை எப்படி எழுதறதுன்னு அவ கேட்பா, ஹுங் வீட்டம்மான்னு சொல்லாதே, கீழ இருக்கிற மாதிரி முழுசாக் குடு.

இப்படிக்கு,
உன் அம்மா
லியௌ யுவேஷியா