தைனானுக்குப் போன பயிற்சித் தாள்கள்

திருத்துறைப்பூண்டி
6 அக்டோபர் 2024

அன்பு விண்ணரசிக்கு,

ஆண்டவர் அருளால் இங்கு நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டும். போனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால் நீ சொன்னபடி சீன எழுத்துப் பயிற்சித் தாள்களைத் தபாலிலேயே அனுப்புகிறேன். எந்தக் கோட்டை எத்தனையாவதாகப் போட்டேன் என்று நம்பர் போட்டிருக்கிறேன். திருத்தி அனுப்பு.

பட்டறையைத் திறக்கும் முன் உட்கார்ந்து எழுதுகிறேன். டிராக்டர் போல்ட்டு முடுக்கிய கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. வயலைக் குறிக்கும் 田 ஒன்றைத்தான் ஆசையாக எழுதினேன். நாலு பக்கமும் வரப்பைப் போட்டுவிட்டு உள்ளே பிரித்தேன். கைபேசியில் பாடம் நடத்தும் பெண் அது தப்பு என்கிறாள். முடிந்த எழுத்து ஒன்றுபோலத்தானே இருக்கிறது? எந்த வரிசையில் போட்டால் என்ன?

உன் லியோ


தைனான், தைவான்
27 அக்டோபர் 2024

அன்புள்ள லியோவுக்கு,

தாள்கள் வந்தன. ஆய்வகத்தில் நெல் குலைநோய்ச் சோதனை நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். பாதி நாள் ரொட்டிதான் சாப்பாடு.

அடிக்கோடு கடைசியில் வர வேண்டும். உள்ளே இருப்பதை எழுதிவிட்டுத்தான் மூட வேண்டும். மெதுவாக எழுதினால் வித்தியாசம் தெரியாது. வேகமாக எழுதும்போது கோடுகள் ஒன்றையொன்று இழுக்கும். வரிசை தப்பினால் இங்கே யாருக்கும் படிக்க வராது. நான் சொன்ன இந்த ஊர் உழவு இயந்திரப் பட்டறைக்காரர் உங்களுக்கு வேலை கொடுக்க ஏப்ரல் வரை காத்திருப்பாராம். பழுதுச் சீட்டை வாசிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும் என்கிறார். பிப்ரவரியில் நடக்கும் சீன மொழித் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்களா?

கடிதம் முழுக்க எழுத்தைப் பற்றியே இருக்கிறது. சொல்ல வேறொன்றும் இல்லையா?

உங்கள் விண்ணரசி


திருத்துறைப்பூண்டி
8 டிசம்பர் 2024

அன்பு விண்ணரசிக்கு,

பெயர் கொடுத்துவிட்டேன். இங்கே ஓயாத மழை. சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கிறது, வடிய வழியில்லை. தாளெல்லாம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டதால் கொஞ்சம்தான் அனுப்புகிறேன்.

பக்கத்து வயல் பூவம்மாள் அக்கா வரப்பில் நிறுத்திக் கேட்டார்: "பொண்டாட்டி அங்க, நீங்க இங்க. எப்பத்தான் தம்பி கெளம்பப் போறீங்க?"

"தை அறுப்பு முடியட்டுங்க்கா" என்றேன்.

"போன வருசமும் இதையேதான சொன்னீங்க!"

வேறொன்றும் இல்லையா என்று கேட்டிருந்தாய். களைப்பாக இருக்கிறது. அவ்வளவுதான்.

உன் லியோ


தைனான்
12 ஜனவரி 2025

அன்புள்ள லியோவுக்கு,

இங்கே இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் "உன் இஷ்டம்" என்பீர்கள். அதை இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லை.

இப்போது உங்கள் வரிசையில் தப்பே இல்லை. ஆனால் வந்த எந்தக் கடிதத்திலும் "உன்னோடு வந்து இருக்க வேண்டும்போல் இருக்கிறது" என்று ஒரு வரி இல்லை. நானும் "திரும்பி வருகிறேன்" என்று எழுதவில்லைதான்.

இனித் தாள் அனுப்ப வேண்டாம். வேலையும் தேர்வும் ஒருபக்கம் இருக்கட்டும். உங்களுக்கு இங்கே வர ஆசையா? அதை மட்டும் எழுதுங்கள்.

விண்ணரசி


திருத்துறைப்பூண்டி
2 மார்ச் 2025

விண்ணரசிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினேன். யோசிக்காமலே கை ஓடியது. தேறிவிட்டதாக நேற்றுத் தகவல் வந்தது.

தேர்வு முடிந்ததும் பக்கத்தில் இருந்த தஹ்மீனா என்ற கல்லூரிப் பெண், "அங்கிள், நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பிவிட்டேன். திரும்பும்போது மன்னார்குடி தாண்டி, சாலையோர வயலில் அறுப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சரியில்லை, பெல்ட் தளர்ந்திருக்க வேண்டும். பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடலாமா என்றிருந்தது. அப்போதுதான் எனக்கே புரிந்தது. "இவர் முயற்சியே எடுக்கவில்லை" என்று நீ சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் இத்தனையும் எழுதிப் பழகினேன்.

வர ஆசையில்லை, விண்ணரசி. உன்மேல் கோபமும் இல்லை. நாம் பிரிகிறோம் என்பதைப் பங்குச் சாமியாரிடமும் உன் அம்மாவிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

லியோ


தைனான்
23 மார்ச் 2025

அன்புள்ள லியோவுக்கு,

வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. தேர்வில் தேறியதற்கு மனதார வாழ்த்துகிறேன். பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

சாமியாரிடம் நீங்கள் தனியாகப் போக வேண்டாம். மே மாதம் வருகிறேன். இருவருமாகப் போய்ச் சொல்வோம்.

அழுகை வரும் என்று பயந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் கடிதத்தைப் பிரித்தேன். அழுகை வரவில்லை, தூக்கம் வந்தது. போட்டிருந்த உடையோடு படுத்தவள், மறுநாள் நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தேன். இந்த ஊருக்கு வந்த பிறகு நான் அப்படித் தூங்கியதே இல்லை.

விண்ணரசி