கருப்புக் காரில் முட்டையிட்ட தட்டான்

அக்கா,

இன்று மத்தியானம் கல்லூரியில் யாருடைய கருப்புக் கார் மேலோ ஒரு தட்டான் வாலைத் தட்டித் தட்டி எழுந்துகொண்டிருந்தது. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. என்னால் நகர முடியவில்லை. விரட்டினேன், சுற்றி வந்து அதே இடத்தில் இறங்கியது. மறுபடி விரட்டினேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

குவைத்தில் நர்ஸ் வேலையை முடித்துவிட்டு வந்து நீ ஆசையாக வாங்கிய காரும் கருப்புதான். அதில் என்னை ஏற்றிக்கொண்டு திருவிடைமருதூர்ப் பக்கம் நம் வயலைப் பார்க்கப் போனாய். அப்போதுதான் நடவு முடிந்திருந்தது. வரப்பைச் சுற்றிவிட்டுத் திரும்பினால் பானெட்டின் மேல் நாலைந்து தட்டான்கள்.

“என்னடா பண்ணுது இதுங்க?”

“முட்டை போடுதுக்கா. தண்ணின்னு நெனச்சுக்குது.”

“பக்கத்துலயே வயல் பூரா தண்ணி கெடக்கே.”

விலங்கியல் வாத்தியார் என்ற மிதப்பில் விளக்கினேன். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒழுங்கு இருக்கிறது. தட்டானின் கண் அதை வைத்துத்தான் தண்ணீரைக் கண்டுகொள்கிறது. பளபளக்கும் கருப்புப் பெயின்டில் அதே ஒழுங்கு, தண்ணீரில் இருப்பதைவிட அழுத்தமாக.

நீ பானெட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாய். “முட்டை வெந்துடுமேடா.” டிக்கியிலிருந்து பழைய வெள்ளைப் போர்வையை எடுத்து விரித்தாய். அவை வயலுக்குப் போயின. விலக்கினாய், வந்தன. மூடினாய், போயின. அன்று நீ சிரித்த மாதிரி அதற்கு முன் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டாய். முகமெல்லாம் வியர்வை. இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தாய்.

“என்னக்கா?”

“ஒன்னுமில்லடா. வெயிலு.”

நானும் வெயில் என்றே எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை கோயில் பூசைக்குக் கிளம்பும்போது வாசலிலேயே விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதா?” என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அது பொய் என்று இதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

போன வாரம் எங்கள் கல்லூரி வேதியியல் ஆசிரியர் மாடிப்படியில் நின்று நெஞ்சைத் தடவினார். “கேஸ் டிரபுள்தான் சார், விடுங்க” என்றார். நான் விடவில்லை. ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் இசிஜி எடுக்க வைத்தேன். கேஸ்தான். “அரை நாள் லீவு போச்சு” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

திட்டட்டும்க்கா. நாளைக்கே இன்னொருவர் அப்படி நின்றாலும் ஏற்றிக்கொண்டுதான் போவேன்.