முருகன் படத்துக்குப் பின்னால்

செவ்வாய்க்கிழமை, மழை

கேரவனை வாங்கும்போது எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்தேன். முருகன் படம் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். சாமி படத்தை யார் கழற்றிப் பார்ப்பார்கள்?

இன்று காலை கழற்றினேன். பின்னால் இருந்த பலகை ஊறிய ரொட்டி மாதிரி விரலோடு வந்தது. விற்றவன் லூனாஸ் ஊரில் இருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி. தெரிந்துதான் மாட்டியிருக்கிறான்.

சாயங்காலத்துக்குள் அழுகியதை அறுத்தெடுத்துப் புதுப் பலகை அடித்தேன். தண்ணீர் இறங்குவது கட்டிலுக்கு நேர் மேலே, கூரை இணைப்பில். அதை மட்டும் அடைக்கவில்லை. பிறகு அவனுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், வண்டி எப்படிலா?" என்றான்.

"அரண்மனைடா! சனிக்கிழமை கடலுக்குப் போறோம். நீயும் தங்கச்சியும் வாங்க. கட்டில் உங்களுக்குத்தான்."

வருகிறானாம்.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி முறைத்தாள். "புதுப் பலகை நனையுமேங்க?"

"நனையட்டும். இன்னொண்ணு அடிச்சுக்கிறேன்."

"அவன் பொண்டாட்டி என்னங்க பாவம் பண்ணுச்சு?"

அதுவும் நியாயம்தான். தங்கச்சிக்கு மட்டும் ஒரு குடை கொடுத்துவிடுவேன்.